எட்டுப் பெட்டியும் காணோம்

உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்கண்ணா. வெயில்ல நடந்து வந்ததுதான். தண்ணி வெச்சிருந்தாக் குடுங்க, ஒரு வாய் குடிச்சுட்டுத் தர்றேன். காட்டுப்புத்தூர்ல ஏறுனதுல இருந்து தொண்டை ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. ஒரு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன், ஒரு டம்ளர் தண்ணி குடுக்கலைங்க. நானாத் தேடிப் போயி, நானா என் தப்பை ஒத்துக்கிட்டேன். எத்தனை பேரு அப்படிப் போவாங்க, நீங்களே சொல்லுங்க.

நீங்க நாமக்கல்லுங்களா? நானும் அங்கதான். நாமக்கல் பக்கம் குஞ்சு பொரிக்கற ஒரு ஹேச்சரியில கம்ப்யூட்டர் வேலை. எந்த ஹேச்சரின்னு கேக்காதீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேன். நம்ம ஊர்ல கோழி சம்பந்தமில்லாத ஆளு யாருங்க இருக்கறாங்க? உங்களுக்கும் யாராச்சும் ஒருத்தரு தெரிஞ்சிருக்கும். என் பேரு மட்டும் சொல்றேன், நவநீதன்.

ஹேச்சரின்னா உள்ளுக்குப் போயிருக்கீங்களா? செட்டர்னு பெரிய பெரிய பெட்டி இருக்குங்க, ஒரு ரூம் அளவு. அதுல முட்டையப் பதினெட்டு நாள் அடுக்கி வெப்போம். முப்பத்தேழரை டிகிரி சூடு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எங்ககிட்ட எட்டு செட்டரு. ஒவ்வொண்ணுலயும் ஐம்பத்தேழாயிரம் முட்டை. எட்டுக்கும் சூடு என்னன்னு ஒரே இடத்துல பாக்கற மாதிரி கண்ட்ரோல் ரூம்ல ஒரு கம்ப்யூட்டரு. அதை அமைச்சுக் குடுத்தது நான்தாங்க. பெருமைக்குச் சொல்லலை. ஆமா, அப்பப் பெருமையாத்தான் இருந்துச்சு.

அந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு திரை. மேசை மேல ஒண்ணு சின்னது, அதுல கணக்கு, லேபிள், தடுப்பூசி விவரம் எல்லாம் அடிப்பாங்க. சொவத்துல ஒண்ணு பெருசு. டிவிதான், நாப்பத்து மூணு இஞ்சு. அதுல எட்டுப் பெட்டி போட்டு எட்டு செட்டரோட சூடும் ஓடும். எதுலயாச்சும் சூடு ஏறுச்சுன்னா அந்தப் பெட்டி செவப்பாயிரும், டிவி ஸ்பீக்கர்ல சைரன் கத்தும்.

பழைய கம்ப்யூட்டருங்க அது. வேகமா ஓடட்டும்னு கனமில்லாத ஒரு சிஸ்டம் போட்டேன். அதுல விண்டோ மேனேஜர்னு ஒண்ணு இருக்கும். எந்த விண்டோ எந்தத் திரையில நிக்கணும், எந்த மூலையில, எவ்வளவு அகலத்துலன்னு பாத்துக்கறது அதோட வேலை. அதுக்கு நானே உக்காந்து புரோகிராம் வரி எழுதுனேன். டிவி வந்து சேந்துச்சுன்னா, எட்டுப் பெட்டியையும் கொண்டுபோய் அங்க நிறுத்துன்னு. அவ்வளவு அழகா வேலை செஞ்சுச்சு. வயரைச் சொருகுனா ரெண்டு செகண்டு, பெட்டி எட்டும் போயி வரிசையா நிக்கும். முதலாளிகிட்ட நாலு தடவை சொருகிக் காட்டுனேன்.

கழட்டுனா என்ன பண்ணணும்னு எழுதலைங்க.

ஒரு குறிப்பு மட்டும் போட்டு வெச்சேன், "கழற்றினால் - இது அப்புறம்"னு. சொவத்துல நாலு போல்ட்டு போட்டு மாட்டுன டிவியை யாரு கழட்டப் போறாங்க? நீங்களா இருந்தாலும் அப்படித்தான நெனச்சிருப்பீங்க?

அந்த ரூம்ல உக்காந்திருந்தது கோகிலவாணி அக்கா. நாப்பது, நாப்பத்தொண்ணு வயசு இருக்கும். வீட்டுக்காரரு இல்லை, ஒரே பொண்ணு ஒம்பதாவது படிச்சுக்கிட்டு இருந்துச்சு. பதினோரு வருசமா அந்த ஹேச்சரி. நான் வர்றதுக்கு முன்னாடி செட்டர் செட்டரா நடந்து போயி, கண்ணாடி வழியாப் பாத்து, நோட்டுல எழுதுனவங்க. கம்ப்யூட்டர் வந்தப்பப் பயந்தாங்க. "தம்பி, இது பொய் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. "இது பொய் சொல்லாதுக்கா"ன்னேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். செட்டர் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு மணி இருந்துச்சு, சூடு ஏறுனா அடிக்கும். கரண்டு போயி ஜெனரேட்டர் மாறறப்பல்லாம் எட்டும் சேந்து கத்தும். முதலாளி வீடு அதே காம்பவுண்டு, அவரு சம்சாரத்துக்குத் தலைவலி. "கம்ப்யூட்டர்லயே வருதுங்களே, அது எதுக்குங்க"ன்னு நான்தான் சொன்னேன். எலக்ட்ரீசியன் வயரை எடுத்துட்டாரு. எடுத்தது அவருதான். அது வேற விசயம், விடுங்க.

போன தை மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. முதலாளி பேரனுக்குக் காதுகுத்து. வீட்டுக்குள்ள எடம் பத்தலை, வெளிய சாமியானா போட்டு ஐநூறு பேருக்கு மேல கூட்டம். உள்ள நடக்கறதை வீடியோக்காரர் புடிக்கறாரு, வெளிய உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியலை. முதலாளி சொந்தபந்தம் எல்லாம் முன்னாடி நிக்கறப்ப என் தோள் மேல கை போட்டாரு. "நவநீதா, கண்ட்ரோல் ரூம் டிவியக் கழட்டிக் கொண்டாந்து இங்க மாட்டிரு. சாயங்காலம் திரும்ப வெச்சுக்கலாம். இவன்தாங்க நம்ம ஹேச்சரிக்கு மூளை"ன்னாரு.

மூளைன்னாருங்க. எனக்குப் பொண்ணு பாத்துக் குடுத்ததும் அவருதான். ஜூன்ல கல்யாணம், பொண்ணு அவருக்குத் தூரத்துச் சொந்தம். பொண்ணோட அப்பாரும் அங்கதான் நிக்கறாரு, நான் எப்படி இல்லைன்னு சொல்றது?

போயிக் கழட்டுனேன். கோகிலாக்கா பக்கத்துல நின்னுக்கிட்டு, "தம்பி, அப்ப நான் சூடு எதுல பாக்கறது?"ன்னாங்க.

"மேசைத் திரைக்கே வந்துரும்க்கா."

"வந்துருமா?"

"வந்துரும்க்கா. எங்க போகப் போகுது?"

சொல்லிட்டு டிவியைத் தோள்ல தூக்கிட்டு வந்துட்டேன். திரும்பிப் பாக்கலைங்க. அங்க மாமனாரு ஆகப்போறவரு காத்துக்கிட்டு இருக்கறாரு.

அரை மணி கழிச்சுப் போன் வருது. "தம்பி, எட்டுப் பெட்டியும் காணோம்."

நான் வீடியோக்காரர் வயரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். "மூடிருப்பீங்கக்கா. மறுபடி திறங்க"ன்னேன்.

பத்து நிமிசத்துல மறுபடி போன். "திறந்தா, ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்குதுன்னு சொல்லுது தம்பி. ஆனா கண்ணுக்குத் தெரியலை."

"ஓடிக்கிட்டு இருக்குதுன்னு அதுவே சொல்லுதுல்ல? அப்புறம் என்னக்கா? செவப்பு வந்தா தானா முன்னாடி வரும். வராத வரைக்கும் நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

இப்ப உங்களுக்குப் புரியுதுங்களா என்ன ஆச்சுன்னு? நான் கழட்டுனது டிவிய. ஆனா என் புரோகிராமுக்கு அது தெரியாது. டிவி இன்னும் சொவத்துலயே இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு, எட்டுப் பெட்டியையும் அங்கயே நிறுத்தி வெச்சிருக்குது. இல்லாத திரையில பெட்டி ஓடிக்கிட்டு இருக்குது. சூடு, மணி, நிமிசம் எல்லாம் ஒழுங்கா ஓடுது. பாக்கறதுக்குத்தான் எடம் இல்லை. சைரனும் டிவி ஸ்பீக்கரோடவே போச்சு. அக்கா முன்னாடி இருக்கறது லேபிள் அடிக்கற திரை மட்டும்.

நீங்க கேப்பீங்க, செட்டர் ரூமுக்கே போயிப் பாத்திருக்கலாமேன்னு. நானும் அதைத்தான் சொன்னேன், ரொம்ப நாள். ஆனா செட்டர் ரூமுக்குள்ள சும்மாப் போக முடியாதுங்க. நோய் வந்துரும்னு குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் விடுவாங்க. போயிட்டு வர அரை மணி ஆவும். கண்ட்ரோல் ரூமை ஆள் இல்லாம விடக் கூடாதுன்னும் உத்தரவு. எப்பவும் அக்காகூட ரெண்டு ஆளு இருப்பாங்க, அன்னிக்கு ரெண்டு பேரையும் பந்தி பரிமாறக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்படியும் அக்கா பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை உள்ள போயிப் பாத்துட்டு வந்திருக்காங்க. அப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

ஒண்ணு முப்பத்தெட்டுக்கு அஞ்சாம் நம்பர் செட்டர்ல ஃபேன் பெல்ட் அறுந்துருச்சு.

நிமிசம் எப்படித் தெரியும்னா... சொல்றேன், இருங்க.

அஞ்சாம் நம்பர்ல இருந்தது பதினாறு நாள் முட்டை. அந்த வயசுல முட்டைக்குள்ள குஞ்சு முழுசா இருக்குங்க. அதுவே சூடு விடும். ஃபேன் ஓடுனாத்தான் அந்தச் சூடு வெளிய போவும். ஃபேன் நின்னா, அது சூட்டுலயே அது வேகும்.

அந்த நேரம் நான் பந்தியில உக்காந்திருக்கேன். எலை நெறைய. பக்கத்துல பொண்ணோட அப்பாரு. போனு சட்டைப் பையில அடிக்குது, கையெல்லாம் கொழம்பு, எடுக்கலை. கொஞ்ச நேரத்துல யாரோ பின்னாடி வந்து குனியறாங்க. கோகிலாக்கா. காலுல ஹேச்சரி பூட்ஸு, தலையில வலைத்தொப்பி. விசேசக் கூட்டத்துல அப்படியே வந்து நிக்கறாங்க.

"தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருப்பா. எனக்கு மனசு சரியில்லை. பெட்டி இல்லாம எனக்குக் கண்ணைக் கட்டுன மாதிரி இருக்குது."

பொண்ணோட அப்பாரு நிமிந்து பாக்கறாரு, யாரு இந்தம்மான்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. "போங்கக்கா, வர்றேன். பாயசம் மட்டும் சாப்பிட்டு வர்றேன்"ன்னேன்.

"கண்டிப்பா வா தம்பி."

"வர்றேன்னு சொல்லிட்டேன்ல, போங்க."

போயிட்டாங்க. நான் போகத்தான் இருந்தேன், சத்தியமா. கை கழுவிட்டு வந்தா முதலாளி கூப்பிடறாரு, குடும்பத்தோட போட்டோ எடுக்கறாங்க, நீயும் வாடான்னு. போட்டோ, அப்புறம் வெத்தலை பாக்கு, அப்புறம் சொந்தக்காரங்களை வழியனுப்பறது. அதுக்கப்புறம் எனக்கு அது மறந்தே போச்சுங்க. அக்கா நான் வந்துருவேன்னு ரூமை விட்டு நகராமக் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

அஞ்சு மணிக்குப் பந்தி முடிஞ்சு வேலைக்காரங்க செட்டர் ரூமுக்குப் போயி அஞ்சாம் நம்பர் கதவைத் திறந்திருக்காங்க. கத்துன கத்து சாமியானா வரைக்கும் கேட்டுச்சு. நானும் ஓடுனேன். குளிக்கலை, துணி மாத்தலை, யாரும் எதுவும் பாக்கலை. கதவுக்கிட்டப் போனா மொகத்துல அனல் அடிக்குது. அந்த வாசனை... உங்ககிட்ட அதைச் சொல்ல வேண்டாம், சாப்பிட்டிருப்பீங்க.

கோகிலாக்கா ஒரு முட்டையை எடுத்துக் காதுகிட்ட வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. பதினாறு நாள் முட்டையில சத்தம் ஒண்ணும் கேக்காது, அது அவங்களுக்கே தெரியும். வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. அப்புறம் இன்னொண்ணு எடுத்து வெக்கறாங்க. யாரும் தடுக்கலை.

அந்தக் களேபரத்துல முதலாளி கத்தறாரு, "மொதல்ல அந்த டிவியக் கொண்டுபோய் மாட்டுடா! மத்த ஏழும் என்னன்னு பாரு!" நான் தூக்கிட்டு ஓடுனேன். கண்ட்ரோல் ரூம்ல யாரும் இல்லை. கதவு சாத்திக்கிச்சு. டிவிய மேசை மேலயே சாத்தி வெச்சு வயரைச் சொருகுனேன்.

ரெண்டு செகண்டுங்க.

எட்டுப் பெட்டியும் வந்து வரிசையா நின்னுச்சு. ஏழு பச்சை. அஞ்சாம் நம்பர் செவப்பு. சைரன் கத்த ஆரம்பிச்சுது. பெட்டிக்குக் கீழ வரி வரியா ஓடியிருக்குது, ஒண்ணு முப்பத்தெட்டு, ஃபேன் நின்னுச்சு. ஒண்ணு அம்பது, முப்பத்தெட்டரை டிகிரி. ரெண்டே கால், முப்பத்தொம்பது. மூணு, நாலு, நாலரை. கடைசி வரி நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு. மதியம் பூரா அது கத்திக்கிட்டேதான் இருந்திருக்குது. யாருக்கும் கேக்காத எடத்துல நின்னுக்கிட்டு.

ஒண்ணு அம்பதுக்குத்தாங்க அக்கா பந்திக்கு வந்தது. அப்ப வெறும் முப்பத்தெட்டரை. கதவைத் திறந்து விட்டிருந்தாப் போதும்.

நான் வயரைப் புடுங்கிட்டேன்.

ஏன்னு கேக்காதீங்க. கை தானாப் போச்சு. புடுங்குனேன், கம்ப்யூட்டரை அணைச்சு மறுபடி போட்டேன், வயரைச் சொருகுனேன். இப்பப் புதுசா எட்டுப் பெட்டி, பழைய வரி எதுவும் திரையில இல்லை. ஆனா ஒண்ணு, அந்தப் பதிவை நான் அழிக்கலைங்க. அது இன்னும் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்குது. அழிச்சிருக்கலாம், அழிக்கலை. அதையும் நீங்க கணக்குல எடுக்கணும்.

மறுநாள் காலையில முதலாளி விசாரிச்சாரு. "திரையில என்னம்மா காட்டுச்சு?"

"ஒண்ணுமே காட்டலைங்கய்யா. பெட்டியே இல்லை."

என் பக்கம் திரும்புனாரு. "என்னடா?"

"புரோகிராம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுங்கய்யா"ன்னேன். இதுல பொய் என்ன இருக்குது? ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு?

அப்பத்தான் முதலாளி தம்பி வீடியோவைப் போட்டாரு. காதுகுத்து வீடியோ. பந்தியப் புடிச்சுக்கிட்டே போறப்ப ஓரமா அக்கா தெரியறாங்க. "பாருங்க, செட்டர் வேகறப்ப இந்தம்மா பந்தியில நிக்குது"ன்னாரு.

"நான் சாப்பிட வரலைங்கய்யா. தம்பியக் கூப்பிட வந்தேன். கேளுங்க"ன்னாங்க அக்கா.

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. அக்காவும் பாத்தாங்க. பயமே இல்லாமப் பாத்தாங்க, நான் சொல்லிருவேன்னு.

"கூட்டமா இருந்துச்சுங்க. எனக்கு ஞாபகம் இல்லை"ன்னேன்.

இல்லைன்னு சொல்லலைங்க. ஞாபகம் இல்லைன்னுதான் சொன்னேன்.

அக்காவை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நம்ம ஊரைப் பத்திச் சொல்லணுமா? மத்தியானத்துக்குள்ள எல்லா ஹேச்சரிக்கும் தெரிஞ்சு போச்சு. முட்டைய வேகவெச்ச பொம்பளைன்னு பேரு. நாலு எடத்துல வேலை கேட்டிருக்காங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. பள்ளிக்கூடத்துல அந்தப் பொண்ணை "அவிச்ச முட்டை"ன்னு கூப்பிட்டிருக்குதுங்க புள்ளைங்க. அப்புறம் வீட்டைக் காலி பண்ணிட்டு அண்ணன் வீட்டுக்குக் காட்டுப்புத்தூர் போயிட்டாங்க. வாழைத்தோப்புல எலை அறுத்துக் கட்டுக் கட்டற வேலை.

நான் சும்மா இருக்கலைங்க. அந்த வாரமே புரோகிராமைச் சரி பண்ணிட்டேன். திரை கழண்டா, அதுல நின்ன எல்லாம் மிச்சம் இருக்கற திரைக்கு வந்து முன்னாடி நிக்கணும், சத்தம் உள் ஸ்பீக்கருக்கு மாறணும். பதினோரு வரி. எழுத இருபது நிமிசம் ஆச்சு. அப்புறம் கழட்டிக் கழட்டி மாட்டிப் பாத்தேன், நாப்பது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா வந்துச்சு. நாப்பதாவது தடவை வந்தப்ப அப்படியே தரையில உக்காந்து அழுதேன். இருபது நிமிச வேலைங்க.

கட்டிக்கப் போற பொண்ணு போன் பண்ணுனா எடுக்கப் பயமா இருக்குது. யாராச்சும் எங்கயாச்சும் வயரைப் புடுங்குனா, ஃபேனோ டிவியோ எதுவா இருந்தாலும், ஓடிப்போயி எது நின்னுச்சுன்னு பாக்கறேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாளு. பத்திரிகை அடிச்சாச்சு.

போன செவ்வாக்கிழமை என்ன ஆச்சுன்னா, எலி கடிச்சு டிவி வயரு போயிருச்சு. போன ரெண்டாவது செகண்டு எட்டுப் பெட்டியும் மேசைத் திரைக்கு வந்துருச்சு. அதே நேரத்துல ரெண்டாம் நம்பர்ல சூடு ஏற, புதுசா வந்த ஆளு பாத்துட்டு ஓடிப்போய் நிறுத்திட்டான். ஒரு முட்டை சேதமில்லை. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு எனக்குச் சால்வை போத்துனாரு. போத்திட்டுச் சொல்றாரு, "பாத்தீங்களா, ஆளு ஒழுங்கா இருந்தா மெசினும் ஒழுங்கா இருக்கும். அன்னிக்கு உக்காந்திருந்தது சனியன்."

எல்லாரும் கை தட்டறாங்க. என்னால அந்தச் சால்வையோட நிக்க முடியலைங்க.

அதான் இன்னிக்குப் போனேன். விசாரிச்சுக்கிட்டே தோப்புக்கே போயிட்டேன். அக்கா எலை கட்டிக்கிட்டு இருந்தாங்க. கறுத்துப் போயிட்டாங்க. கையெல்லாம் வாழைக்கறை. என்னையப் பாத்ததும், "வா தம்பி, கல்யாணமாமே. பத்திரிகை குடுக்க வந்தியா?"ன்னாங்க. சிரிச்ச மொகமாக் கேட்டாங்க.

நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். விண்டோ மேனேஜர் என்ன, நான் எதை எழுதுனேன், எதை எழுதலை, டிவியக் கழட்டுனப்ப பெட்டி எங்க நின்னுச்சு, எல்லாம். "உங்க தப்பு இல்லைக்கா. என் புரோகிராம் தப்பு. வயரைச் சொருகுன ரெண்டாவது செகண்டே எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சு போச்சு"ன்னு சொன்னேன்.

அக்கா நார் முடிஞ்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாங்க. "தெரியாமப் பண்ணுனதுதான தம்பி. மெசினுக்கு என்ன தெரியும். நான்கூட அண்ணன்கிட்ட அதான் சொன்னேன், அந்தத் தம்பிக்கும் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சா சொல்லாம இருக்கற புள்ளை இல்லைன்னு." அப்புறம் கை நின்னுருச்சு. "அன்னிக்குத் தெரிஞ்சுதுன்னா, என்னிக்கு?"

"அன்னிக்குத்தாங்க்கா. டிவியத் திரும்ப மாட்டுனப்ப."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமேவா?"

"ஆமாங்க்கா. அது என்னன்னா, வயரைச் சொருகுனதும் பழைய எடத்துக்கே..."

"சாயங்காலமே பாத்துட்டியா?"

"பாத்தேங்க்கா. ஆனா தப்பு எங்கன்னா, கழட்டறப்ப..."

"திங்கக்கிழமை காலையில முதலாளி கேக்கறப்ப உனக்குத் தெரியும்."

நான் புரோகிராம் தப்பைச் சொல்லிக்கிட்டு இருக்கேன், அவங்க சாயங்காலத்தையே புடிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்குப் புரியலைங்க. சாயங்காலத்துக்குள்ள முட்டையெல்லாம் போயாச்சே. சாயங்காலம் பாத்தா என்ன, மறுநாள் பாத்தா என்ன?

எந்திரிச்சு நின்னாங்க. "முதலாளிக்குப் போன் போடு தம்பி. இப்பவே. எங்கிட்டச் சொன்னதை அவருகிட்டச் சொல்லு."

"அக்கா, கல்யாணம்..."

"நான் உன்கிட்ட வேற எதுவும் கேக்கலை. போடு. எம்புள்ளை காதுலயும் விழட்டும்." பாத்தா அந்தப் பொண்ணு எலைக்கட்டுக்குப் பின்னாடி நிக்குது. லீவு போல. எவ்வளவு நேரமா நிக்குதுன்னு தெரியலை.

போட்டேங்க. ஸ்பீக்கர்லயே போட்டேன். முதலாளி எடுத்துட்டாரு. "சொல்லு நவநீதா. தாலிக்கொடிக்கு ஆசாரிகிட்டச் சொல்லியாச்சா?"ன்னாரு.

அக்கா பக்கத்துல நின்னு, "சொல்லு தம்பி"ன்னாங்க.

நான்... "மூணாம் நம்பருக்குப் புது சென்சார் வாங்கணுங்கய்யா"ன்னு சொன்னேன்.

"சரி, வாங்கிரு"ன்னாரு. வெச்சுட்டாரு.

அக்கா என்னையத் திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டியிருந்தாப் பரவாயில்லை. எலைக்கட்டைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு, "மூணு மணிக்கு நாமக்கல் பஸ்ஸு இருக்குது, போ"ன்னாங்க. அந்தப் பொண்ணு பின்னாடியே போயிருச்சு. வெயில்ல நடந்து ரோட்டுக்கு வந்தேன். ஒரு டம்ளர் தண்ணி... ஆமா, அதான் சொல்லிட்டேனே.

இருங்க, போன் அடிக்குது.

முதலாளிங்க.

அடிக்கட்டும். எடுத்தா என்ன பேசறது? பஸ் சத்தத்துல கேக்கலைன்னு சொல்லிக்கலாம். நின்னுருச்சு. பாருங்க, நின்னுருச்சு.

மறுபடி அடிக்குது. எடுக்கட்டுங்களா? நீங்க என்ன சொல்றீங்க?

ஆங், சொல்லுங்கய்யா... இல்லைங்க, பஸ்ல... காட்டுப்புத்தூர் தாண்டி வந்துக்கிட்டு இருக்கேங்க... குரலுங்களா?... ஆமாங்கய்யா. பொம்பளைக் குரல்தான்... ஆமாங்க, அவங்கதான். கோகிலாக்கா... இல்லைங்க, அவங்க கூப்பிடலை. நானாத்தான் போனேன்... எதுக்குன்னா...

ஐயா, கேக்குதுங்களா? அன்னிக்கு அந்தக்கா பந்திக்குச் சாப்பிட வரலைங்கய்யா. என்னையக் கூப்பிட வந்தாங்க. பெட்டியெல்லாம் காணோம், வந்து பாருன்னு கூப்பிட்டாங்க. நான்தான் பாயசம் சாப்பிட்டு வர்றேன்னு அனுப்பிட்டேன்... ஞாபகம் இருந்துச்சுங்கய்யா. அன்னிக்கும் ஞாபகம் இருந்துச்சு... இல்லைங்க, யாரும் சொல்லிக் குடுக்கலை. பதிவு கம்ப்யூட்டர்லயே இருக்குது, நிமிசத்தோட. நான் சாயங்காலமே பாத்துட்டேன். பாத்துட்டு அணைச்சுட்டேன்... ஆமாங்க... தெரியுங்க... பொண்ணு வீட்டுல நீங்களே சொல்லிருங்க, இல்லை நான் சொல்றேன்... சரிங்கய்யா...

வெச்சுட்டாருங்க.

நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லலை, வான்னும் சொல்லலை. மொதல்ல கத்துனாரு. அப்புறம், "பதினோரு வருசம் வேலை பாத்த பொம்பளைடா"ன்னாரு. என்னையச் சொல்றாரா, அவரையே சொல்லிக்கறாரான்னு புரியலை. கல்யாணம் நின்னு போயிரும்னு நெனைக்கறேன்.

இது என்ன ஊருங்க? மோகனூரா? இருங்க, இருங்க, கண்டக்டர் அண்ணா, விசில் அடிச்சுராதீங்க, ஒரு ஆளு எறங்கணும். உங்க பாட்டில், புடிங்க. காலைக் கொஞ்சம் நகத்துங்கண்ணா.

இல்லைங்க, நாமக்கல் போகலை. எதிர்ப்பக்கம் காட்டுப்புத்தூர் பஸ்ஸு அடுத்தது எத்தனை மணிக்குங்க?